கட்டைவிரலுக்கு யார் பெயர்?

கிதார் கற்றுத்தரும் புத்தகம் எதை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள். உட்காரும் முறை, சுருதி கூட்டும் முறை, நாலைந்து கார்ட் என்று சில பக்கங்கள் போகும். அப்புறம் வலக்கை விரல்களால் மீட்டும் பாடம் வரும். அந்தப் பாடத்துக்குப் பெரும்பாலும் 'டிராவிஸ் பிக்கிங்' என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். உலகம் முழுக்கக் கிதார் தொடுகிற பிள்ளைகள் அந்தப் பெயரோடுதான் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். எங்கள் சேரியில் மாலைப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஒரு ஜெராக்ஸ் தாள் வந்து சேர்ந்தது. டிராவிஸ் என்றால் யார் என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு பாடத்துக்கு ஒரு ஆள் பெயர் இருக்கிறதென்றால் அந்த ஆள் யார், எங்கிருந்து அதை எடுத்தான் என்று கேட்பதுதானே வரலாறு.

கிதாரைத் தொட்டிராத தோழர்களுக்காக முதலில் அந்தப் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிதாரில் ஆறு கம்பி. மடியில் வைத்துப் பிடித்தால் மேலே, நம் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஆறாவது கம்பி, தடித்தது. கீழே தொடைப்பக்கம் இருப்பது முதல் கம்பி, மெல்லியது. இடக்கை விரல்கள் கழுத்தில் கம்பியை அழுத்தும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோட்டுக்கு ஃப்ரெட் என்று பெயர். அழுத்துகிறபோது ஃப்ரெட்டின் மேலேயே அழுத்தினால் ஓசை செத்துப்போகும். ரொம்பத் தள்ளி அழுத்தினால் கரகரக்கும். தலைப்பக்கமாக, ஃப்ரெட்டை ஒட்டினாற்போல அழுத்தவேண்டும். இரண்டு வாரம் விரல்நுனி எரியும், தோல் உரியும், பிறகு காய்ச்சுப்போகும். மண்வெட்டி பிடித்த கைக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்லை.

'சி' என்ற கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோதிரவிரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நாலாம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டிவிரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட். இப்போது வலக்கை. கட்டைவிரல் ஐந்தாம் கம்பியைத் தட்டும், பிறகு நாலாம் கம்பி, மறுபடி ஐந்து, மறுபடி நாலு. இதை நிறுத்தவே கூடாது. வீடு தீப்பிடித்தாலும் கட்டைவிரல் நிற்கக்கூடாது. அது ஓடிக்கொண்டே இருக்க, ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் பாட்டின் மெட்டை எடுக்கும். சில நேரம் கட்டைவிரலோடு சேர்ந்து விழும், பல நேரம் இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். உள்ளங்கையின் அடிச்சதையைத் தடித்த கம்பிகளின் மேல் லேசாக வைத்துக்கொண்டால் ஓசை அடங்கி 'தும் தும்' என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒருவர் வாசிப்பது மாதிரி இருக்காது. ஒரு ஆள் மேளம் அடிக்க, இன்னொரு ஆள் பாடுகிற மாதிரி இருக்கும்.

மேளம் என்று சும்மா சொல்லவில்லை. இந்தக் கட்டைவிரலுக்குள் ஒரு மேளம் ஒளிந்திருக்கிறது. 1739 செப்டம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைகள் ஆயுதம் எடுத்தார்கள். மேளம் முழக்கிக்கொண்டு போனார்கள், வழியில் கேட்டவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1740இல், அந்த மாகாணம் கொண்டுவந்த அடிமைச் சட்டத்தில் மேளமும் கொம்பும் தடைசெய்யப்பட்டன. அடிமை மேளம் வைத்திருந்தால் குற்றம், வைத்திருக்கவிட்ட எஜமானுக்கு அபராதம். மேளம் சேதி சொல்லும், ஆள் கூட்டும் என்று ஆண்டைகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நம் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே ஆண்டை மேளத்தைப் பிடுங்கினான். இங்கே ஆண்டை பறையை நம் தோளில் மாட்டிவிட்டான். 'எங்க வீட்டு எழவுக்கு வந்து அடிடா' என்றான். அடிக்கமாட்டோம் என்று மறுத்த ஊர்களில் குடிசைகள் எரிந்தன, தண்ணீர் மறிக்கப்பட்டது, வேலை நிறுத்தப்பட்டது. ஒரே தோல்கருவியைப் பிடுங்குவதும் திணிப்பதும் எதிரெதிரான காரியம் போலத் தெரியும். இரண்டிலும் ஒரே விசயம்தான் இருக்கிறது. கை நம்முடையது, எப்போது அடிக்கலாம், எப்போது அடிக்கக்கூடாது என்ற உத்தரவு அவனுடையது.

மேளம் போன பிறகு அந்த சனங்கள் என்ன செய்தார்கள்? கைகொட்டினார்கள், தொடையில் தட்டினார்கள், காலால் தரையை மிதித்தார்கள். சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, கழி செருகி, நரம்பு இழுத்து, ஆப்பிரிக்காவில் பாட்டன்மார் வாசித்த கருவியைத் தங்கள் ஞாபகத்திலிருந்து மறுபடியும் செய்தார்கள். அதுதான் பாஞ்சோ. அதில் ஒரு குட்டைக் கம்பி உண்டு. அந்தக் கம்பி எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும், கட்டைவிரல்தான் அதைத் தட்டும். 1840கள் வாக்கில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலிசெய்யும் மேடைக் கூத்துகளை நடத்தினார்கள். அதற்குப் பாஞ்சோவையும் எடுத்துக்கொண்டார்கள். சுரைக்குடுக்கை போய் வெள்ளைக்காரன் வீட்டுக் கூடத்துக் கருவியாக ஆகிவிட்டது.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் கிடைக்கவில்லை. வாரசாகுபடி வந்தது. விதை, கருவி, சாப்பாடு எல்லாம் பண்ணையார் கடையில் கடன். வருசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் குடியானவன்தான் பாக்கி நிற்பான். நம் பண்ணையாள் கதைக்கு இங்கிலீசு மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலைமையில் கிதார் எப்படி அவர்கள் கைக்கு வந்தது? 1890களில் சியர்ஸ் ரோபக், மான்ட்கோமரி வார்டு போன்ற கம்பெனிகள் சாமான் பட்டியலைத் தபாலில் அனுப்பி, கேட்ட சாமானையும் அனுப்பிக்கொண்டிருந்தன. சில டாலருக்குக் கிதார் கிடைத்தது. ஊர்க்கடையில் வெள்ளைக்காரன் முன்னால் கைகட்டி, எல்லாரும் வாங்கி முடித்த பிறகு கேட்கிற வேலை இல்லை. தபால்காரனுக்கு நிறம் தெரியலாம், சாமான் அனுப்புகிறவனுக்குத் தெரியாது. மலிவான பொருள் விடுதலை தரும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு பொருள் யார் கை வழியாக வருகிறது என்பது, அவமானப்பட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். குட்டைக் கம்பியைத் தட்டிப் பழகிய கட்டைவிரல் இப்போது கிதாரின் தடித்த கம்பிகளுக்கு வந்தது. பிடுங்கப்பட்ட மேளத்தை ஒரு விரலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இனி டிராவிஸுக்கு வருவோம். மெர்ல் டிராவிஸ் 1917இல் கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பர்க் மாவட்டத்தில் பிறந்த வெள்ளையர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கக்காரனின் கடன் வாழ்க்கையைப் பாட்டாக எழுதியவர். ஆகவே அவரைத் திருடன் என்று திட்ட எனக்கு மனமில்லை. தனக்குக் கற்றுத்தந்தவர்கள் மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர்களும் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிகள். அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? கென்னடி ஜோன்ஸ் என்பவரிடமிருந்து. அவருக்கு? இங்கேதான் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் வருகிறார்.

ஆர்னால்டு ஷுல்ட்ஸ் 1886இல் பக்கத்து ஒகயோ மாவட்டத்தில் பிறந்த கறுப்பர். அப்பா அடிமையாகப் பிறந்தவர். மகன் சுரங்கத்தில் உழைத்தார், கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார், வெள்ளையர்களின் நடன இரவுகளுக்கும் வாசித்தார். 'புளூகிராஸ்' இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் பில் மன்றோ சிறுவனாக இருந்தபோது ஷுல்ட்ஸோடு சேர்ந்து வாசித்தவர். அதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். 1931இல் ஷுல்ட்ஸ் இறந்தார். அவர் வாசித்து ஒரு இசைத்தட்டுகூடக் கிடையாது. அவர் காலத்தில் கம்பெனிகள் இசைத்தட்டு போட்டுக்கொண்டுதான் இருந்தன. கறுப்பருக்கு ஒரு பட்டியல், வெள்ளையருக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரன் நடனத்துக்கு வாசிக்கிற கறுப்பனை எந்தப் பட்டியலில் போடுவது? இப்படியாக அவர் விரல் எப்படி நடந்தது என்பது மற்றவர்களின் விரல்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கடைசியாக வானொலியும் மேடையும் யாருக்குக் கிடைத்ததோ அவர் பெயர் பாடத்தின் தலைப்பில் ஏறியது. யாரும் உட்கார்ந்து சதி செய்யவேண்டிய அவசியமே இல்லை. அமைப்பு தானாகவே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஏகலைவனின் ஞாபகம் வரும்தான். காட்டில் தானே கற்றவனிடம், கற்றுத்தராத வாத்தியார் வந்து கட்டைவிரலைக் கேட்டார். கென்டக்கியில் விரலை வெட்டவில்லை. விரலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வெட்டினார்கள்.

இதே காலத்தில் லெஸ்லி ரிடில் என்று இன்னொருவர். 1905இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர், வலக்கையில் இரண்டு விரலையும் இழந்தவர். மிச்சமிருந்த விரல்களுக்கு ஏற்றாற்போல ஒரு வாசிப்பை உண்டாக்கிக்கொண்டார். 1928 வாக்கில் 'கார்ட்டர் குடும்பம்' என்ற புகழ்பெற்ற வெள்ளைப் பாடகர் குழுவின் ஏ.பி. கார்ட்டர் அவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து கறுப்பர் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் பாட்டு சேகரிக்கப் போனார்கள். கார்ட்டர் வரிகளைத் தாளில் எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டைத் தலைக்குள் பதிந்துகொண்டு வருவார். பாட்டுகள் கார்ட்டர் பெயரில் பதிவாயின. அந்தக் குடும்பத்து மேபெல் கார்ட்டர் ரிடிலின் வாசிப்பைப் பார்த்துக் கற்றதைத் தானே சொல்லியிருக்கிறார். தொடக்கப் புத்தகங்களில் 'கார்ட்டர் பாணி' என்று இன்னொரு பாடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுச் சொல்கிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் எங்கள் பிள்ளைகள் பறையடித்தார்கள். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்து, ஒத்தையடியில் ஆரம்பித்து ஒவ்வொரு அடியாக மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதப் பயிற்சி. அவர்களுக்குப் பிறகு ஒரு மாணவன் கிதார் வாசித்தான், அவனும் நன்றாகத்தான் வாசித்தான். முடிவில் பேசிய பேராசிரியர் கிதார்ப் பையனிடம் உன் டெக்னிக் பிரமாதம் என்றார். எங்கள் பிள்ளைகளிடம் 'ஆகா, உங்க ரத்தத்துலயே ஊறினதுப்பா இது' என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்குத்தான் அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஒருவனுக்கு மூளையும் பயிற்சியும். இன்னொருவனுக்கு ரத்தம். ரத்தத்தில் ஊறியதற்கு யார் காசு கொடுப்பார்? ஊறியதைக் கற்றுத்தருகிறவனுக்கு வாத்தியார் என்று யார் பேர் வைப்பார்? கறுப்பர்களைப் பற்றியும் வெள்ளைக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள். பிறவியிலேயே தாளம், பிறவியிலேயே பாட்டு என்றார்கள். பிறவிக் குணம் என்று ஒரு தொழில்நுட்பத்தைச் சொல்லிவிட்டால், அதைக் கண்டுபிடித்தவன் என்று ஒருவன் இருக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

அடுத்த பாடமாகப் புத்தகங்களில் வருவது 'ஸ்லைடு'. கம்பியை விரலால் ஃப்ரெட்டில் அழுத்தாமல், கண்ணாடிக்குப்பியின் கழுத்தை உடைத்துச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போவது. இங்கே ஃப்ரெட்டுக்கு நேர் மேலே குப்பி நிற்கவேண்டும், அழுத்தக்கூடாது. ஓசை ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு, மனுசன் அழுகிற மாதிரி இழுத்துக்கொண்டு போகும். மிசிசிப்பியில் பருத்தி எடுக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிதார் இல்லாதபோது, துடைப்பம் கட்டிய கம்பியைப் பிரித்து வீட்டுச் சுவரில் இரண்டு ஆணியில் இழுத்துக் கட்டி, அடியில் ஒரு குப்பியை முட்டுக்கொடுத்து, இன்னொரு குப்பியால் வழுக்கி வாசித்தார்கள். வீடே கருவி, சுவரே குடம். புளூஸ் இசைக்காரர்கள் பலருடைய முதல் கருவி இந்த ஒற்றைக் கம்பிதான். நம் ஊரில் கோட்டுவாத்தியம் இருக்கிறது. மரக்கட்டையாலோ கண்ணாடியாலோ வழுக்கித்தான் அதையும் வாசிக்கிறார்கள். அரண்மனையில் வாசித்தார்கள், சபாவில் வாசித்தார்கள், சாஸ்திரியமாகிவிட்டது. வீணைக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் கமகம். பருத்திக்காட்டான் கிதார்க் கம்பியை இழுத்தால் காட்டுக்கத்தல்.

டபிள்யூ.சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர், படித்த கறுப்பர், 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். பக்கத்தில் கந்தல் உடுத்த ஒருவன் கத்தியைக் கிதார்க் கம்பியில் வைத்து வழுக்கிப் பாடிக்கொண்டிருந்தான். அதுவரை கேட்டிராத விசித்திர இசை என்று 1941இல் வெளிவந்த தன் வரலாற்றில் ஹேண்டி எழுதினார். அந்தப் புத்தகத்தின் தலைப்பே 'புளூஸின் தந்தை'. கந்தல்காரனின் பெயர் புத்தகத்தில் இல்லை. அவனுடைய கிழிந்த சப்பாத்தைப் பற்றி இருக்கிறது. நாட்டுப்புறப் பாடல் தொகுக்கப் போகிற நம் தமிழ் எம்.ஏ.க்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

ஸ்லைடுக்குச் சுருதியையே மாற்றிக் கூட்டவேண்டும். ஆறாவது, ஐந்தாவது, முதல் ஆகிய மூன்று கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் தளர்த்தினால், எதையும் அழுத்தாமல் மொத்தமாக மீட்டினாலே ஒரு கார்ட் ஒலிக்கும். ஐந்தாம் ஃப்ரெட்டில் குப்பியைக் குறுக்கே வைத்தால் இரண்டாவது கார்ட், ஏழாம் ஃப்ரெட்டில் வைத்தால் மூன்றாவது. மூன்று கார்டில் ஒரு பாட்டு முடிந்துவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, விரல்கள் இன்னும் வளையாதபோது, இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பழைய புளூஸ்காரர்கள் இதை 'ஸ்பானிஷ்' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமான் வீட்டுப் பெண்கள் வாசித்த 'ஸ்பானிஷ் ஃபாண்டாங்கோ' என்ற துண்டிலிருந்து வந்த பெயர். கூடத்தில் வாசித்ததைக் கொல்லைப்புறம் கேட்டு, எடுத்து, வேறொன்றாக்கியது. ஆக, எடுப்பது என்பது இருபக்கமும் நடந்திருக்கிறது. ஆனால் கொல்லைப்புறத்தார் எடுத்தபோது பெயரை அழிக்கவில்லை, கூடத்துப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றில் என் மனசுக்கு மிகவும் நெருக்கமானவர் ஒரு வீட்டுவேலைக்காரப் பெண். எலிசபெத் காட்டன். 1893இல் வட கரோலினாவில், இப்போது கார்பரோ எனப்படும் ஊரில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் பிறந்தவர். வீட்டில் எல்லாரும் 'குட்டித் தங்கச்சி' என்கிற மாதிரிதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெயரென்ன என்று கேட்டபோது 'எலிசபெத்' என்று தனக்குத் தானே வைத்துக்கொண்டார். அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் அவனுடைய பாஞ்சோவை எடுத்துத் திருட்டுத்தனமாக வாசித்தார். இடக்கைக்காரி. பாஞ்சோவோ வலக்கைக்குக் கம்பி கட்டியது. தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். பள்ளியை விட்டு வெள்ளையர் வீட்டு வேலைக்குப் போனார். மாதம் ஒரு டாலர் சம்பளம். சேர்த்துவைத்து 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிதார் வாங்கினார். அதையும் தலைகீழாகத்தான் பிடித்தார்.

தலைகீழாகப் பிடித்தால் என்ன ஆகும்? தடித்த கம்பிகள் கீழே போய்விடும், மெல்லியவை மேலே வந்துவிடும். முதலில் நான் சொன்ன பாடம் அப்படியே கவிழ்ந்துவிடும். அவர் ஆள்காட்டிவிரலால் தடித்த கம்பிகளில் அந்த நிற்காத தாளத்தை ஓட்டினார். கட்டைவிரல் மெட்டைப் பாடியது. இப்படி வாசிக்கக் கற்றுத்தர அன்றைக்கு ஒரு வாத்தியாரும் கிடையாது, புத்தகமும் கிடையாது. பதினொன்று பன்னிரண்டு வயதில் இப்படி வாசித்துக்கொண்டு, வீட்டை ஒட்டிப் போகும் சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். 'சரக்கு ரயில்' என்பதே அதன் பெயர். சி, ஜி, ஈ, எஃப் என்று நாலைந்து கார்டில் அடங்கிவிடும். இன்றைக்கு விரல் மீட்டல் படிக்கும் பிள்ளைகளுக்கு உலகம் முழுக்க முதல் பாட்டாகச் சொல்லித்தருவது பெரும்பாலும் இதைத்தான். ஒரு சிறுமி, பாத்திரம் கழுவிவிட்டு வந்து கட்டிய பாட்டு.

இளம் வயதிலேயே கல்யாணம், பிறகு ஒரு மகள். தேவாலயத்தில், உலக இன்பத்துக்கான பாட்டைப் பாடாதே என்று சொன்னார்கள். கிதாரை வைத்துவிட்டார். ஒரு வருசம் இரண்டு வருசம் அல்ல, பல பத்தாண்டுகள். வெள்ளைக்காரன் சட்டம் செய்ததைச் சொந்த சபையே செய்த கதை இது. நம் சேரி ஆலயங்களில் பறையை உள்ளே விடாமல் கீபோர்டை மட்டும் விட்டவர்கள் யோசிக்கட்டும்.

1940களில் வாஷிங்டனில் ஒரு பெரிய பல்பொருள் கடையில் வேலைபார்த்தபோது, வழிதவறிய ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர், பெரிய இசையமைப்பாளர். சிறுமி பெகி சீகர். அந்த வீட்டிலேயே சமையல், வீட்டுவேலைக்குச் சேர்ந்தார். சுவரில் கிதார் தொங்கியது. யாரும் இல்லாதபோது எடுத்து வாசித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாட்டுப்புற இசையைத் தேடி நாடெல்லாம் அலைந்த குடும்பம் அது, சமையலறைக்குள் இருந்ததை எத்தனையோ நாள் கழித்துத்தான் கேட்டது. அந்த வீட்டு மகன் மைக் சீகர் அவர் வாசிப்பதைப் பதிவுசெய்தார். 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது.

அதற்குள் பாட்டு கடல் தாண்டிவிட்டது. பெகி சீகர் இங்கிலாந்துக்குப் போனபோது பாடிய பாட்டை, இரண்டு ஆங்கிலேயர்கள் தாங்கள் எழுதியது என்று பதிவுசெய்துகொண்டார்கள். 1957இல் அங்கே அது பெரிய வெற்றிப் பாட்டு. பிறகு சீகர் குடும்பத்தார் முயன்று காட்டனின் பெயரைச் சேர்க்கவைத்தார்கள். அறுபதுக்கு மேல் மேடையேறினார். அந்த வருமானத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் ஊரில் சொந்தமாக வீடு வாங்கினார். 1985 தொடக்கத்தில், தொண்ணூறைத் தாண்டிய வயதில், கிராமி விருது வாங்கினார். 1987இல் இறந்தார். 2022இல் ராக் இசையின் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். அந்தத் தலைகீழ் வாசிப்புக்கு மட்டும் 'காட்டன் பிக்கிங்' என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்களால் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாத வாசிப்பு என்பதாலும் இருக்கலாம்.

கண் தெரியாத கேரி டேவிஸ் பாதிரியாரையும் சொல்லிவிடவேண்டும். 1896இல் தென் கரோலினாவில் பிறந்தவர். நியூயார்க்கின் தெருமுனையில் பாடிப் பிழைத்தவர். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், இரண்டே விரல்தான். அந்த இரண்டு விரலில் ஒரு முழுக் குழுவே கேட்கும். 1950கள், 60களில் வெள்ளை மாணவர்கள் அவர் வீடு தேடி வந்தார்கள். பாடத்துக்கு ஐந்து டாலர் என்று வாங்கிக்கொண்டுதான் கிதாரைத் தொடுவார். அவர் பாட்டு ஒன்றைப் பீட்டர், பால், மேரி குழு பாடிப் புகழ்பெற்றது, அதன் உரிமைப்பணம் அவருக்கே வந்தது, குவீன்ஸ் பகுதியில் வீடு வாங்கினார். கலைக்குக் காசு கேட்கலாமா என்று முகம் சுளிக்கிற தோழர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பறை கற்றுத்தருகிற அண்ணன்மாருக்குப் பஸ் காசுகூடக் கொடுக்காமல் பட்டறை நடத்துகிறவர்கள் இவர்கள். 1972இல் இறக்கும்வரை கேரி டேவிஸ் வாத்தியாராகவே இருந்தார். அவரிடம் படித்தவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் புத்தகம் போட்டார்கள்.

எங்கள் மாலைப் பள்ளியில் இப்போது பழைய ஜெராக்ஸை விட்டுவிட்டு நாங்களே ஒரு தாள் எழுதியிருக்கிறோம். முதல் இரண்டு வாரம் கட்டைவிரல் மட்டும். மெட்டு கிடையாது, கார்ட் மாற்றம் கிடையாது. பறை பழகிய பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வந்துவிடுகிறது, காரணம் ரத்தம் அல்ல, மூன்று மாதம் அடித்துப் பழகிய கை. அதன் பிறகு ஆள்காட்டிவிரல். அதன் பிறகு 'சரக்கு ரயில்'. இரண்டாம் பாடத்துக்குத் தலைப்பு, 'ஷுல்ட்ஸ் கட்டைவிரல்'.

அந்தத் தலைப்பில் ஒரு தோழருக்கு உடன்பாடில்லை. 'ஷுல்ட்ஸும் யாரோ ஒருத்தருகிட்ட பாத்துதானே கத்துக்கிட்டிருப்பாரு? ஒரு தலைமுறையே சேந்து செஞ்சதுக்கு ஒருத்தர் பேர வைக்கிறது அவனுக பழக்கம்தானே? டிராவிஸ எடுத்துட்டு ஷுல்ட்ஸ வச்சா பட்டா மாத்துனதுதான், நிலம் பொதுவாயிருச்சா?' என்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாஞ்சோவின் குட்டைக் கம்பியைத் தட்டியவளுக்கும், டட்வைலர் நிலையத்தில் கத்தி வைத்து வாசித்தவனுக்கும் எந்தத் தலைப்பிலும் இடமில்லை. ஆனாலும், ஏற்கெனவே ஒருவர் பெயரில் பட்டா எழுதிவைத்திருக்கும்போது, பொது நிலம் என்று நாம் மட்டும் பெருந்தன்மை காட்டினால் பட்டாக்காரருக்குத்தான் லாபம். தாளில் இப்போதைக்கு ஷுல்ட்ஸ் பெயர் இருக்கிறது. அதன் கீழே அந்தத் தோழர் தன் கையாலேயே 'அவருக்கு முன்னே இருந்தவர்களுக்கும்' என்று பேனாவில் எழுதியிருக்கிறார். அடுத்த தடவை ஜெராக்ஸ் எடுக்கும்போது அதுவும் சேர்ந்தே வரும்.